காலண்டர் தாளின் பின்பக்கம்

அத்தியாயம் 11

போன வாரம் தீப்பெட்டி ஆபீசில் கட்டையில் குச்சி அடுக்கிக்கொண்டிருந்த இடத்திலேயே சுப்புத்தாய்க்குச் சேலை நனைந்துபோனது. பக்கத்தில் இருந்த பொம்பளைகள் சிரிக்கவில்லை, திட்டவில்லை. குச்சியை அடுக்கிக்கொண்டே ஆளுக்கு ஒரு பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். சிரித்திருந்தால்கூட அவள் திருப்பி ஏசியிருப்பாள்.

தலைவலி என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்தாள். சேலையை வாளித் தண்ணீரில் முக்கி, மேலே ஒரு கல்லை வைத்தாள். புருசன் கருத்தப்பாண்டிக்கும் மகள் ஜெயப்பிரியாவுக்கும் தலைவலி மட்டும்தான் தெரியும்.

இன்றைக்குப் புதன்கிழமை. பாளையங்கோட்டை ஆஸ்பத்திரிக்குப் போகிற நாள்.

அவளுக்குப் பெருங்குடலில் புண். ஒன்றரை வருசமாக இருக்கிறது. இது ஒட்டுவாரொட்டி இல்லை, சாப்பாட்டால் வந்ததில்லை, யாரும் வைத்த செய்வினையும் இல்லை என்று பெரிய டாக்டர் மூன்று தடவை சொல்லிவிட்டார். கோவில்பட்டியில் அவர்கள் இருக்கிற லைன் வீட்டில் எட்டுக் குடும்பத்துக்கு ஒரே கக்கூஸ் என்பதை மட்டும் அவரிடம் யாரும் சொல்லவில்லை.

"ராத்திரி எத்தனை தரம்மா?"

ஜெயப்பிரியா மஞ்சள் அட்டையை மடியில் வைத்துக்கொண்டு கேட்டாள். இருபது வயசு. பஸ் ஸ்டாண்டு பக்கம் எஸ்.டி.டி. பூத்தில் வேலை. எழுத்து முத்து முத்தாக இருக்கும். ஆஸ்பத்திரியில் கொடுத்த அட்டை அது. பதினாறு நாளுக்குப் பதினாறு வரிசை. பகலில் எத்தனை தடவை, ராத்திரி எத்தனை தடவை, ரத்தம் உண்டா, அடக்க முடியுதா, உடம்பு எப்படி இருக்கு என்று கட்டம் போட்டிருந்தது. இதைக் கூட்டித்தான் மாத்திரையைக் கூட்டுவார்கள், குறைப்பார்கள்.

"ஒண்ணு போடு," என்றாள் சுப்புத்தாய், தலையைச் சீவிக்கொண்டே.

"ரத்தம்?"

"மெல்லக் கேளுட்டி. அடுத்த வீட்டுப் பார்வதியம்மாளுக்குக் காது சொவத்துக்குள்ளதான் இருக்கு. இல்லன்னு போடு."

ஜெயப்பிரியா போட்டாள். வாளிக்குள் கல் இருந்ததை அவள் பார்த்திருந்தாள். பார்த்ததைப் பார்த்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.

கருத்தப்பாண்டி அந்த ஒரே அறையில்தான், வாசலுக்கு நேராக நின்று சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்தான். ஒண்ணு என்றது அவன் காதில் விழுந்தது. நேற்று ராத்திரி ஏழு.

அவனுக்குத் தெரியும். அவன் எண்ணியிருந்தான்.

கருத்தப்பாண்டி சரக்குக் கிட்டங்கியில் மூடை தூக்குகிறவன். லாரியில் ஏற்றும்போது ஒவ்வொரு மூடைக்கும் ஒருத்தன் சத்தம் போட்டு எண்ணுவான். முதல் மூடையை ஒன்று என்று சொல்ல மாட்டார்கள். லாபம். அப்புறம் ரெண்டு, மூணு, நாலு. பென்சிலால் கோடு விழும். ஐந்தாவதுக்குக் குறுக்குக் கோடு. லாரி நிறைந்த பிறகு கணக்கில் ஒரு மூடை இடித்தால், எல்லா மூடையையும் இறக்கிப்போட்டு முதலிலிருந்து எண்ணுவார்கள். இருபத்தாறு வருசமாக அந்தப் பென்சில் பெரும்பாலும் அவன் காதில்தான் செருகியிருக்கும்.

ராத்திரி பாயில் படுத்திருக்கும்போது கதவு திறக்கிற சத்தம் கேட்கும். கண்ணைத் திறக்காமலே மனசுக்குள் சொல்வான்: லாபம். அவள் வந்து படுத்து அரை மணி கழித்து மறுபடி கதவு. ரெண்டு. விடிந்ததும் தினசரிக் காலண்டரில் முந்தின நாள் தாளைக் கிழித்து, பின்பக்கம் கோடு போட்டு, தகரப்பெட்டிக்குள் வைப்பான். பதினாறு நாளாக இப்படி. பதினாறு தாளையும் இப்போது மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்திருந்தான்.

அக்கறையில் எண்ணியதில்லை அது.

தூக்கம் இல்லாமல் உளுந்து மூடையைத் தூக்க முடியவில்லை. போன மாசம் லாரிப் பலகை ஏறும்போது கால் இடறி, மூடையோடு விழுந்தான். நல்லவேளை, மூடை பக்கவாட்டில் போனது. அன்றைக்கே முடிவு பண்ணிவிட்டான். பாளையங்கோட்டையில், சமாதானபுரம் பக்கம் டீக்கடை வைத்திருக்கிற அவள் அண்ணன் அய்யாத்துரைக்கு ஞாயிற்றுக்கிழமை போன் போட்டான்.

"மச்சான், ஒங்க தங்கச்சிய ஒரு ஆறு மாசம் ஒங்க வீட்டுல வைங்க. என்னால ஏலல. நான் சும்மா சொல்லுதேன்னு நெனப்பீங்க. கணக்கு எழுதி வச்சிருக்கேன், காட்டுதேன்."

அய்யாத்துரை, "புதன்கெழமை ஆஸ்பத்திரிக்குத்தானே வருதீங்க? அன்னைக்குப் பேசிக்கிடுவோம்," என்று வைத்துவிட்டார்.

இது சுப்புத்தாய்க்குத் தெரியாது.

*

நேற்று மத்தியானத்துக்கு மேல் அவள் ஒன்றும் சாப்பிடவில்லை. பஸ்ஸில் ஒன்றரை மணி நேரம். வயிறு காலியாக இருந்தால்தான் போய்ச் சேர முடியும் என்பது அவளாகக் கண்டுபிடித்த வைத்தியம். அது பாதி நாள் பலிக்கும், பாதி நாள் காலை வாரும்.

கயத்தாற்றில் பஸ் நின்றபோது காலை வாரியது.

முந்தானை நுனியைப் பல்லால் கடித்துக்கொண்டாள். ஜன்னலுக்கு வெளியே கரிசல் வெடித்துக் கிடந்தது. புரட்டாசி பிறந்தும் மழை இல்லை. தூரத்தில் முள்ளாக ஒரு உடைமரம். அவள் உடைமரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்ன?" என்றான் கருத்தப்பாண்டி.

"ஒண்ணுமில்ல."

"எறங்கணுமா?"

பின் சீட்டில் இரண்டு காலேஜ் பையன்கள் இருந்தார்கள். கண்டக்டர் படியில் நின்று வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தான். கேட்டால் நிறுத்துவான். ஏன் என்றும் கேட்பான்.

"ஒண்ணுமில்லங்கிறேன்ல."

கங்கைகொண்டான் வரைக்கும் அவள் நெற்றியிலிருந்து வேர்வை சொட்டியது. கருத்தப்பாண்டி முன் கம்பியைப் பிடித்துக்கொண்டு ரோட்டைப் பார்த்தான். ஒரு பொம்பளை பக்கத்தில் உட்கார்ந்து வலியை அடக்குவதைப் பார்க்கப் பொறுக்காமல், பார்க்காமல் இருப்பதற்கு அவனுக்குத் தெரிந்த வழி அது ஒன்றுதான்.

ஆஸ்பத்திரி பெஞ்சில் இவர்களுக்கு முன்னால் ஒரு ஆள் உட்கார்ந்திருந்தார். மந்திரமூர்த்தி. எட்டயபுரத்தில் டீ மாஸ்டர். அவருக்கும் இதே வியாதி, ஆறு வருசமாக.

"புதுசா அண்ணாச்சி?" என்று அவராகவே ஆரம்பித்தார்.

"எனக்கில்ல. வீட்டுல."

"அய்யோ பாவம். நான்னா எட்டயபுரத்துல இருந்து இங்கன வார வரைக்கும் எந்த மதில், எந்தக் கருவேலமரம்னு ஒவ்வொண்ணா பேரு சொல்லுவேன். ரெண்டு பஸ் டிரைவருக்கு என்னையத் தெரியும். ஏறும்போதே கேப்பான், 'மாஸ்டர், இன்னைக்கு எத்தனை ஸ்டாப்பு?'ன்னு." சத்தமாகச் சிரித்தார். "வெக்கப்பட்டா இந்த நோயக் கட்டி மாரடிக்க முடியாது அண்ணாச்சி. மொதல்ல அதத்தான் வெளிய தள்ளணும்."

சுப்புத்தாய் தலையைக் குனிந்துகொண்டாள். இந்த ஆள் பேசப் பேச, தன் சேலையை யாரோ சபையில் பிடித்து இழுக்கிற மாதிரி இருந்தது அவளுக்கு.

*

மறைப்புத் துணிக்கு அந்தப் பக்கம் ஒரு சின்ன மேசை. அங்கே தஸ்னீம் இருந்தாள். மேலப்பாளையத்துப் பெண். டாக்டருக்கு மேல்படிப்புப் படிக்கிறாள். இந்தக் குடல் நோய்க்காரர்களின் கஷ்டத்தை எப்படி அளக்கிறது என்பதுதான் அவள் படிப்புக்கு எடுத்துக்கொண்ட விஷயம். முப்பத்திரண்டு கேள்வி. எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்காகக் காகிதத்தில் ஏழு படி வரைந்து வைத்திருந்தாள். கீழ்ப் படி என்றால் எப்போதும் கஷ்டம். மேல்படி என்றால் ஒருநாளும் இல்லை.

"அட்டையக் கூட்டிட்டேன் அக்கா. நாலு வருது. போன தடவை ஒம்போது. நல்லாருக்கே!" என்றாள் தஸ்னீம். "இப்ப நான் கேக்கக் கேக்க, எந்தப் படியின்னு வெரல வைங்க. போன ரெண்டு வாரத்துக்கு மட்டும் சொன்னாப் போதும். அடிக்கடி வெளிய போக வேண்டி வந்துச்சா?"

விரல் மேல்படியில் விழுந்தது.

"ராத்திரி தூக்கம் கெட்டுச்சா?"

"இல்லம்மா. படுத்தா விடியத்தான் முழிப்பேன்."

துணிக்கு இந்தப் பக்கம் பெஞ்சில் இருந்த கருத்தப்பாண்டிக்கு அது தெளிவாகக் கேட்டது. அவன் விரல்கள் தாமாகத் தொடையில் கோடு போட்டன. நேற்று ஏழு. முந்தாநாள் ஆறு. ஞாயிறு எட்டு.

"பக்கத்துல கக்கூஸ் இருக்காதோன்னு பயந்து எங்கயும் போகாம இருந்தீங்களா?"

"அதெல்லாம் இல்ல. வேலைக்குப் போறேன், வாரேன்."

"துணிய அழுக்காக்கிருவோமோன்னு பயம் வந்துச்சா? இல்ல, அப்பிடி ஆகிப் போச்சா?"

காகிதத்திலிருந்து விரல் விலகியது.

"அக்கா?"

"ஒருநாளும் இல்ல."

 தஸ்னீம் பேனாவை எடுத்து, கொஞ்சம் பொறுத்து, மேல்படிக்கு நேரே குறித்தாள். அவள் கையில் இருப்பது அட்டை. அட்டையும் வாயும் ஒன்றாகத்தான் பேசின.

"புருசன் பொஞ்சாதியா இருக்கிறதுக்கு இந்த நோய் தடையா இருந்துச்சா? சங்கடப்படாதீங்க, எல்லார்கிட்டயும் கேக்குறதுதான்."

மந்திரமூர்த்தி தொண்டையைச் செருமிக்கொண்டு எழுந்து, டீ குடிக்கப் போகிறவர் மாதிரி அந்தப் பக்கம் போனார். கருத்தப்பாண்டி காதுமடல் சுட உட்கார்ந்திருந்தான். ஒரு வருசமாக அவள் பாயைச் சுவர் ஓரமாகத் தள்ளிப் போடுகிறவன் அவன்தான்.

"அவிய ஒண்ணும் சொல்ல மாட்டாக. தங்கமானவுக," என்றாள் சுப்புத்தாய்.

பெரிய டாக்டர் உள்ளே வந்து அட்டையைப் புரட்டினார். கண் இமையைக் கீழே இழுத்துப் பார்த்தார். "ரத்தம் கம்மியா இருக்கே. அதுக்குச் சத்து மாத்திரை தாரேன். குடலு அடங்கிட்டு வருது, ரொம்ப நல்லது. எட்டு மாத்திரைய நாளைல இருந்து நாலாக் கொறச்சிருவோம். ஒரு மாசம் கழிச்சு வாங்க."

கருத்தப்பாண்டிக்குப் போன சித்திரையில் இதே டாக்டர் சொன்னது ஞாபகம் வந்தது. புண் ஆறாமல் மாத்திரையைக் குறைத்தால் குடல் ஊதிப்போகும், கிழிந்தால் உயிர் தங்காது.

சும்மா இருந்திருக்கலாம். நாலு மாத்திரையோடு அவளை அண்ணன் வீட்டில் கொண்டுபோய் விட்டிருக்கலாம். அவன் நல்லவன் என்பதால் எழுந்தான் என்று எழுதினால் அது பொய். கண் முன்னால் கணக்குத் தப்பாகிறது, லாரி புறப்படப் போகிறது. அவனால் உட்கார முடியவில்லை.

துணியைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனான்.

"அம்புட்டும் தப்பு அய்யா. எல்லாத்தையும் எறக்கி மறுபடி எண்ணணும்."

"என்ன தப்பு? யாருங்க நீங்க?"

"வீட்டுக்காரன். இவ பொய் சொல்லுதா."

"ஏங்க!" என்றாள் சுப்புத்தாய். இருந்த இடத்தில் உடம்பைச் சுருக்கிக்கொண்டாள்.

அவன் சட்டைப்பையிலிருந்து தாள்களை எடுத்து மேசையில் பரப்பினான். முன்பக்கம் தேதி, ராகுகாலம், எமகண்டம். பின்பக்கம் பென்சில் கோடுகள். நாலு நெடுக்கு, ஒரு குறுக்கு.

"ராத்திரி அவ கதவத் தெறந்த கணக்கு இது. பகலு எனக்குத் தெரியாது."

தஸ்னீம் ஒரு தாளை எடுத்துத் தேதியைப் பார்த்தாள். அட்டையில் அதே தேதியைத் தேடினாள். அட்டையில் ஒன்று. தாளில் ஆறு. அடுத்தது: அட்டையில் பூஜ்யம். தாளில் ஐந்து. பதினாறையும் ஒவ்வொன்றாகப் பார்த்து முடித்தாள்.

பெரிய டாக்டர் நாற்காலியை இழுத்துச் சுப்புத்தாய்க்கு நேர் எதிரே உட்கார்ந்தார். நாடியைப் பிடித்து, கைக்கடிகாரத்தைப் பார்த்தார். வயிற்றை அழுத்தினார். அவள் பல்லைக் கடித்தாள்.

"வலிக்குதா?"

ஆமென்று தலையை ஆட்டினாள்.

"ரத்தம் போகுதா?"

அவள் மேசை மேல் இருந்த தாள்களைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "போகுதுய்யா. எல்லாத் தடவையும்."

"ஏன் தாயி இத்தனை நாளு சொல்லல?"

"வீட்டுப் பிள்ளைய வச்சு எழுதச் சொன்னீங்க. அதுகிட்ட என்னத்தச் சொல்ல? அது நாளைக்கு ஒரு வீட்டுக்கு வாழப் போற பிள்ள."

டாக்டர் அட்டையைத் தஸ்னீம் பக்கம் தள்ளினார். தஸ்னீம் மறுபடி கூட்டினாள். நாலு இல்லை. பதின்மூன்று.

"மாத்திரையக் கொறைக்கிற பேச்சே இல்ல. இன்னைக்கே சேந்துருங்க. அஞ்சு நாள் ஊசியில மருந்து போகட்டும். கேட்டுச்சுன்னா நல்லது. கேக்கலைன்னா ஆபரேஷனப் பத்திப் பேசுவோம்." கருத்தப்பாண்டியைத் திரும்பிப் பார்த்தார். "நாலு மாத்திரையோட இவங்கள அனுப்பியிருந்தா, அடுத்த வாரம் ஆம்புலன்ஸ்லதான் கொண்டுவந்திருப்பீங்க. நீங்க எழுதி வச்சது பெரிய காரியம்."

தஸ்னீமுக்குக் கண் கலங்கிவிட்டது. சின்ன வயசு. "பாருங்க அக்கா. படிச்சவங்க வீட்டுலகூட இப்பிடி யாரும் எழுதிட்டு வந்ததில்ல. ராத்திரி ராத்திரி முழிச்சுக் கெடந்து ஒங்கள ஒரு ஆளு கவனிச்சிருக்காரு. நீங்க என்னடான்னா ஒளிக்கிறீங்க."

சுப்புத்தாய் புருசனை நிமிர்ந்து பார்த்தாள்.

கல்யாணமாகி இருபத்தோரு வருசத்தில் அவள் அவனை அப்படிப் பார்த்ததில்லை. பொய்யைப் போட்டு உடைத்த கோபம் அதில் இல்லை. யாருக்கும் தெரியாது என்று நினைத்து ஒற்றையாகச் சுமந்ததை, பக்கத்தில் படுத்திருந்த இந்த மனுசன் சேர்ந்து சுமந்திருக்கிறானே என்கிற பார்வை.

கருத்தப்பாண்டி சுவரில் ஒட்டியிருந்த போலியோ படத்தைப் பார்த்தான்.

அப்போதே சொல்லியிருக்கலாம். 

*

"அம்மாவச் சேத்துட்டாங்களா?" ஜெயப்பிரியா போனில் கேட்டாள். ஆஸ்பத்திரி வாசலில் இருந்த பூத்திலிருந்து கருத்தப்பாண்டி பேசினான்.

"ஆமா. மாத்துச் சேல நாலு, போர்வை, சொம்பு எடுத்துட்டு வா. பொம்பள வார்டு. ராத்திரி ஆம்பளைய விடமாட்டாங்களாம்."

"அட்ட சரியாத்தானப்பா இருந்துச்சு?"

"இல்ல. ஒங்கம்மா கொறச்சுச் சொல்லியிருக்கா."

அந்தப் பக்கம், அவள் வேலை பார்க்கிற பூத்தில், வேறு யாரோ நம்பர் கேட்பது மட்டும் கேட்டது.

"ஏட்டி, இருக்கியா?"

"யப்பா, அம்மா சொன்னதையும் நான் அப்பிடியே எழுதல." அழுகையை விழுங்கினாள். "பகலுக்கு அஞ்சுன்னு சொன்னா மூணுன்னு போட்டேன். போன தடவ டாக்டர் சொன்னாகல்ல, கூடுனா ஆபரேஷன், வயித்துல ஓட்டையப் போட்டு, வெளிக்குப் போகப் பையக் கட்டிவிடுவோம்னு. கொறஞ்ச நம்பரா எழுதிக் குடுத்தா வேண்டாம்னு சொல்லிருவாகன்னு நெனச்சேன். அந்தச் சேலையவும் பாத்தேன்ப்பா. வாளிக்குள்ள இருந்துச்சு. பாத்துட்டு அம்மாகிட்ட ஒரு வார்த்த கேக்கல. எனக்கு அருவருப்பா இருந்துச்சு. என்னையப் பெத்தவகிட்ட எனக்கு அருவருப்பு."

கருத்தப்பாண்டிக்கு எந்தச் சேலை என்று முதலில் தெரியவில்லை. பிறகு கேட்காமலே புரிந்துவிட்டது.

"அழாத. பஸ்ஸப் பிடிச்சு வா."

"மாமா இங்கன போன் போட்டாகப்பா. சாயங்காலம் நாலு மணிக்கு ஆஸ்பத்திரிக்கு வாராகளாம். மேல ரூம்ப ஒழிச்சு வச்சிருக்குன்னு ஒங்கப்பாட்டச் சொல்லுன்னாக. என்ன ரூம்புப்பா?"

மீட்டர் பெட்டியில் சிவப்பு எண்கள் ஓடின.

"வா, சொல்லுதேன்," என்று போனை வைத்தான்.

*

வார்டில் ஜன்னலோரக் கட்டில். கக்கூஸ் கதவுக்கு நாலு கட்டில் தள்ளி. தஸ்னீம் சண்டை போட்டு வாங்கிக்கொடுத்த இடம். இடது கையில் ஊசி குத்தி, பாட்டில் சொட்டிக்கொண்டிருந்தது.

கருத்தப்பாண்டி கட்டிலுக்குப் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்தான். மணி மூன்றே முக்கால். பார்வையாளர்கள் உள்ளே வர ஆரம்பித்திருந்தார்கள்.

"பிள்ள வாரா," என்றான். "ஒங்க அண்ணனும் வாராராம்."

"அண்ணனுக்கு யாரு சொன்னா? பிள்ளையா?" அவள் முகம் தெளிந்திருந்தது. ஒன்றரை வருசத்தில் முதல் தடவையாக அவள் படுத்திருக்கிற தோரணையில் ஒளிப்பு இல்லை. "ஏங்க, அந்தத் தாளையெல்லாம் வாங்கிட்டீங்களா?"

"டாக்டரம்மா ஃபைல்ல குத்தி வச்சிட்டாக. எதுக்கு?"

"அண்ணன்ட்ட காட்டணும். எங்க மதினி இருக்கால்ல, அவ சொல்லுவா, ஒன் புருசனுக்கு மூடையும் ஒண்ணுதான் பொண்டாட்டியும் ஒண்ணுதான்னு. பாக்கட்டும்."

பக்கத்துக் கட்டில் கிழவி இவர்களைப் பார்த்துப் பொக்கை வாயால் சிரித்தாள். அதற்குள் வார்டு முழுக்கச் செய்தி போயிருந்தது. நர்ஸ்கூடப் போகும்போது அவனைப் பார்த்து, "இவருதானா?" என்று கேட்டுவிட்டுப் போனாள்.

இருபத்தாறு வருசமாக மூடை சுமந்த முதுகு அது. இந்தப் பேரைச் சுமக்க முடியவில்லை.

"சுப்பு."

அவள் திரும்பினாள். அவன் பேர் சொல்லிக் கூப்பிட்டு எத்தனையோ வருசமாகிவிட்டது.

"அது ஒனக்காக எண்ணுனது இல்ல."

"பெறகு?"

"எம் தூக்கம் கெட்ட கணக்கு. ஒங்க அண்ணன்ட்ட காட்டி, இவளக் கூட்டிட்டுப் போங்கன்னு சொல்லத்தான் எழுதுனேன். ஞாயித்துக்கெழமையே போன் போட்டுட்டேன். அதான் வாராரு."

 அழுவாள், ஏசுவாள் என்று பார்த்தான். கிழவிக்குக் கேட்டிருக்கும். கேட்கட்டும்.

சுப்புத்தாய் பாட்டிலில் இருந்து விழுகிற சொட்டைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"எத்தனை நாளு எண்ணுனீங்க?"

"பதினாறு."

"பதினாறு நாளும் முழிச்சா கெடந்தீங்க?"

"ம்."

"நான் கதவுக் கொண்டியில முந்தானையச் சுத்தித்தான் தெறப்பேன். சத்தம் கேட்டு நீங்க முழிச்சிரக் கூடாதுன்னு. பார்வதியம்மா ராத்திரிக்குக் கக்கூஸப் பூட்ட ஆரம்பிச்ச பெறகு தண்டவாளத்துக்கு அங்கிட்டு உடமரக் காட்டுக்குத்தான் போவேன். நாய் வெரட்டும். ஒருநாளு ரெண்டு குடிகாரப் பயலுக நின்னானுக. உக்காந்த எடத்துலயே முள்ளுக்குள்ள கெடந்தேன், அவனுக போற வரைக்கும். அப்பக்கூட நெனச்சேன், அவிய தூங்குதாக, பாவம், காலையில மூடை தூக்கணும்னு."

அவன் தலை தொங்கியது.

"எண்ணுனது இருக்கட்டும். எங்க அண்ணன்ட்ட சொன்னதும் இருக்கட்டும். முழிச்சுக் கெடந்துருக்கீங்க. முழிச்சுக் கெடந்துக்கிட்டு, அந்த இருட்டுக்குள்ள என்னைய ஒத்தையில போக விட்டுருக்கீங்க."

சத்தம் உயரவில்லை. தஸ்னீமின் கேள்விக்குப் பதில் சொல்கிறவள் மாதிரி, எந்தப் படி என்று விரல் வைக்கிறவள் மாதிரி சொன்னாள்.



வார்டு வாசலில் வெள்ளை வேட்டி தெரிந்தது. அய்யாத்துரை ஒரு கையில் பிளாஸ்க்கும் ஒரு கையில் பழப்பையுமாக, கட்டில் கட்டிலாகப் பார்த்துக்கொண்டு வந்தார். பின்னாலேயே அவர் மனைவி, மடித்த வெற்றுப்பை ஒன்றைக் கக்கத்தில் இடுக்கியிருந்தாள். தங்கச்சியின் துணிமணியை எடுத்துப்போக.

சுப்புத்தாய் ஊசி இல்லாத கையால் சேலையைக் கால் வரைக்கும் இழுத்துவிட்டுக்கொண்டாள். தலையணையில் நிமிர்ந்து சாய்ந்தாள்.

"அண்ணன் வந்துட்டாக. கூட்டிட்டுப் போகத்தானே வரச் சொன்னீங்க?" என்றாள். "எந்திரிங்க. இப்ப என்ன சொல்லப் போறீங்க, சொல்லுங்க. நானும் கேக்கணும்."